இரவல் போக மிச்சம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வாள். அது பொய். மூக்கு நுனிக்கு வரும் வரை அது ஒருநாளும் பொறுத்ததில்லை. இந்தக் கோபத்தால் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தது, ஒரு வருஷம் அண்ணன் என்னோடு பேசவில்லை, ஒரு டாக்டர் பட்டம் கை நழுவப் பார்த்தது. பட்டம் மட்டும் நழுவவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் வீடு. தாத்தா காலத்தில் சேரன்மகாதேவியில் வயல் இருந்தது. எங்கள் காலத்தில் அந்த வயலைப் பற்றிய பேச்சு மட்டும் இருந்தது. அப்பா விக்கிரமசிங்கபுரத்து மில்லில் வேலை பார்த்து, நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் கரண்ட் ஆபீஸில் வயர்மேன் ஆனான். அவன் கம்பத்தில் ஏறினான், நான் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி.க்குப் பதிந்தேன்.

பதிந்த மூன்றாம் வருஷம்தான் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுமல்லவா, மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று தெருவே ஒரு வீட்டுக்குள் வந்துவிடும். பக்கத்து வீட்டு நாற்காலி, மேலவீட்டு ஜமுக்காளம், அத்தை கையிலிருந்து கழற்றிய வளையல். எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு. அதை அண்ணனே இரண்டு கையாலும் தூக்கிவந்து கூடத்தில் வைத்துச் சாம்பல் போட்டுத் துலக்கினான். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. நாளைக்கு எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்தால் எங்கள் வீட்டு வெண்கலப் பானை அங்கே போகும்.

மாப்பிள்ளையின் தாயார் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "விளக்கு நல்ல கனமாருக்கே, பழைய காலத்துதா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியல அத்தை. எதிர்த்த வீட்லதான் கேட்டுச் சொல்லணும்" என்றேன்.

வேண்டுமென்றுதான் சொன்னேன். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் அவர், "பொண்ணு படிச்சதெல்லாம் போதும்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். காபியைக் குடித்துவிட்டு, "ஊருக்குப் போயிக் கடுதாசி போடுதோம்" என்று எழுந்துபோனார்கள். கடுதாசி வரவில்லை. அண்ணன் விளக்கைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். போகும்போது தலை குனிந்திருந்தான். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை.

ஒரே வீடு, ஒரே கூடம். "அவளச் சாப்பிடச் சொல்லுங்க" என்பான் அம்மாவிடம், நான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். "பசிக்கலன்னு சொல்லுங்கம்மா" என்பேன். ஆனால் அந்த ஒரு வருஷமும் காலையில் என் சைக்கிளில் காற்று குறைந்து நான் பார்த்ததில்லை. யார் அடித்து வைத்தது என்று நான் கேட்கவும் இல்லை.

இனி என் ஆராய்ச்சி. பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு சேர்ந்தால் அது சகப்பிணைப்பு. உறுதியானது, உடைக்கப் பாடுபட வேண்டும். இன்னொரு வகை உண்டு. பங்கும் கிடையாது, பத்திரமும் கிடையாது. இரண்டு மூலக்கூறுகள் பக்கத்தில் வருகின்றன, ஒன்றின் மின்சுமை மற்றதைக் கொஞ்சம் இழுக்கிறது, அப்படியே நிற்கின்றன. லேசாகச் சூடு காட்டினால் பிரிந்துவிடும். ஆனால் தாமிரபரணி ஆவியாகப் பறந்துவிடாமல் தண்ணீராக ஓடுவதே இந்தச் சின்னப் பிடியால்தான். ஒவ்வொன்றும் அற்பம். கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஆறு.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பென்சீன் வளையமும் ஒரு தண்ணீர் மூலக்கூறும். பென்சீன் எண்ணெய் மாதிரி, தண்ணீரோடு ஒட்டாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒற்றை வளையத்தின் தட்டையான முகத்துக்கு மேலே ஒற்றைத் தண்ணீர் மூலக்கூறு வந்தால், தன் ஹைட்ரஜனைக் கீழே நீட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். நான் அந்த வளையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அணுக்கூட்டத்தைக் கிளை மாதிரி ஒட்டி, அப்போது இந்தப் பிடி எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டேன். சோதனைக்குழாய் இல்லை, அமில நாற்றம் இல்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுக்க இந்த ஒரு ஜோடிதான்.

கல்லூரியில் இருந்த இயந்திரத்துக்கு அந்தக் கணக்கு தாங்காது. டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு அண்ணாச்சி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அவ்வளவு மரியாதை அந்தக் குளிர் அறைக்கு. மூலையில் ஒரு 486 கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. "படிக்க ஆள் வரல. சும்மா கெடக்குறதுக்கு ஒன் கணக்காவது ஓடட்டும்மா" என்று விட்டுவிட்டார். அவர் பெருந்தன்மைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

கணக்கு வந்தது. பிடி நான் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வந்தது. தலைகால் தெரியவில்லை எனக்கு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் துறையில் ஒரு கருத்தரங்கில் பேச வேண்டும், பேசினேன். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். மெலிந்த மனிதர், மெதுவான குரல்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? வளையம் தனியா ஒரு கணக்கு, தண்ணி தனியா ஒரு கணக்கு, ரெண்டும் சேந்து ஒரு கணக்கு. கழிச்சு, இதுதான் பிடின்னு சொல்றீங்க. சரி. சேந்திருக்கும்போது ஒண்ணோட சார்புகளை இன்னொண்ணு எடுத்துக்குமே, அதைக் கழிச்சீங்களா?"

நான் கழிக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு உறைக்கவில்லை.

அவர் கேட்டது இதுதான். கணக்கில் ஒவ்வொரு அணுவுக்கும் எலக்ட்ரானை வர்ணிக்கச் சில கணிதச் சார்புகளைக் கொடுக்கிறோம். வீட்டுக்குப் பாத்திரம் போல. பாத்திரம் நிறைய இருந்தால் சமையல் நன்றாக வரும், ஆற்றல் குறைந்து மூலக்கூறு திடமாகத் தெரியும். சின்ன கம்ப்யூட்டருக்கு அளவாகத்தான் கொடுக்க முடியும். தனியாக இருக்கும்போது வளையம் தன் பாத்திரத்தை வைத்து ஒப்பேற்றுகிறது. தண்ணீர் பக்கத்தில் வந்ததும் தண்ணீரின் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்கிறது. தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. இரண்டும் பளபளவென்று தெரிகின்றன. நாம் அதைப் பார்த்துவிட்டு, அடேயப்பா, என்ன பாசம், என்ன பிடி என்று எழுதிவைக்கிறோம்.

எதிர்வீட்டுக் குத்துவிளக்கு. சபையில் நின்றுகொண்டிருந்த எனக்குச் சட்டென்று அதுதான் கண்ணில் வந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் என்பார்களே, அது நான்தான். வெட்கத்தில் காது சுட்டது.

"கழிச்சுப் பாத்தா பிடின்னு ஒண்ணுமே மிச்சம் இல்லாமக்கூடப் போகலாம். போகாமலும் இருக்கலாம். பாத்துடுங்க" என்றார் அவர்.

என் பதிவுக் காலம் முடிய அப்போது இரண்டே வாரம். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் நாலு வருஷப் பாடும் போச்சு, மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். அம்மா அதற்கு விடமாட்டாள், அடுத்த மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டுவிடுவாள். என் நெறியாளர் நல்லவர், என்மேல் இரக்கப்பட்டார். "ஓர் அடிக்குறிப்பு போட்டுட்டுக் குடுத்துருவோம். யார் கேக்கப் போறாங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "எதிர்வீட்டு விளக்கை மாப்பிள்ளை வீட்டாருக்கே காட்டிக்கொடுத்தவ சார் நான். என் ஆய்வேட்டுல மட்டும் இரவல மூடி வைப்பனா?" என்றேன். பாவம், அவருக்கு விளக்குக் கதை தெரியாது. விழித்தார்.

இரவலைக் கழிக்க ஒரு வழி உண்டு. இரவல் வாங்காதே என்று மூலக்கூறிடம் சொல்ல முடியாது. அதனால் தனியாக இருக்கும்போதும் அதே இரவலைக் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் இருந்த இடத்தில் தண்ணீரின் சார்புகளை மட்டும் வைத்துவிட்டு, தண்ணீரை எடுத்துவிடுவது. ஆள் இல்லாத வீட்டில் பாத்திரம் மட்டும். அதற்குப் பேய் அணு என்றே பெயர். அந்தப் பேயோடு வளையத்தைக் கணக்குப் போட வேண்டும். அதே மாதிரி வளையத்தின் பேயோடு தண்ணீரை. பிறகு கழித்தால் எது மிஞ்சுகிறதோ அதுதான் சொந்தப் பிடி.

தண்ணீரின் கணக்கு ஒரு பகலில் முடிந்தது. வளையத்தின் கணக்குக்கு மூன்று நாள், இடைவிடாமல். நடுவில் கரண்ட் போனால் தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அண்ணாச்சியின் பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான். முதல் வாரத்தில் இரண்டு முறை இரண்டாம் நாளிலேயே நின்றுபோனது. கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடவிட்டேன். திங்கள் சாயங்காலம் முடியும். அடுத்த வெள்ளி கடைசி நாள்.

அந்தத் திங்கள்தான் எங்கள் ஊர்க் கோயிலில் ஆனித் தேர்.

டவுனில் பிறந்தவளுக்குத் தேர் மறக்குமா? மறக்கவில்லை. தேர் ஓடும்போது ரத வீதியில் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள், தேர் நிலைக்கு வந்து சேரும்வரை அந்த வீதிகளில் கரண்ட் இருக்காது. ஆனால் போன வருஷம் தேரன்று அந்தச் சந்தில் மின்விசிறி சுற்றியதை நானே பார்த்திருந்தேன். சந்துக்கு இணைப்பு பின்பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய ஆள் என் வீட்டுக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். அவனிடம் நானா போய்க் கேட்பேன்?

திங்கள் காலையில் சென்டருக்குள் கால் வைக்கும்போதே பேட்டரி கூவிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பத்து நிமிஷத்தில் திரை கறுத்தது. முடிய அரைநாள்கூட இல்லாத கணக்கு.

செருப்பைக்கூடப் போடாமல் ரத வீதிக்கு ஓடினேன். முக்கில் கம்பத்தின் உச்சியில் அண்ணன். கீழே கூட்டம், மேளம், பொரி விற்கிறவர்கள். அத்தனை பேருக்கும் நடுவில் அண்ணாந்து கத்தினேன். "சந்துக் கரண்ட எதுக்கு நிப்பாட்டுன? அந்த லைன் பின்னாடியிருந்துல்லா வருது?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த வேலையை முடித்தான். பிறகு, "மாசியில மாத்தியாச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா" என்றான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோபக்காரர்கள் அழுதால் பார்க்கச் சகிக்காது.

பையக் கீழே இறங்கினான். "அப்படி என்னட்டி ஓடுது அங்கன?"

சொன்னேன். பிணைப்பு, சார்பு என்றெல்லாம் ஆரம்பித்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் குத்துவிளக்கை வைத்தே சொன்னேன். இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று இரவல் வாங்கிக்கொண்டு பெரிய வீடாகத் தெரிகின்றன, அதைக் கழித்துப் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பார்க்காவிட்டால் எல்லாம் போச்சு என்று.

"ஏட்டி, அப்போ எதிர்த்த வீட்டு விளக்க நீயும் ஒன் கணக்குல வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன்."

சிரித்தான். கையில் குறடு, இடுப்பில் கயிறு, காக்கிச் சட்டையில் கண்ணீர் சொட்டச் சிரித்தான். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. பிறகு மறுபடியும் வயர்மேன் ஆனான். "எத்தன நாள் ஓடணும்?" என்றான்.

"மூணு நாள் முழுசா."

"இன்னைக்கு வெளக்கு வைக்குற நேரத்துக்குள்ள தேர் நெலைக்கு வந்துட்டுன்னா ஒனக்குக் கரண்ட் வந்துரும். வியாழக்கெழம முடிஞ்சிரும். மூணு நாளும் அந்த லைன நான் பாத்துக்கிடுதேன். ஆனா தேர் வரணும். நடுவுல நின்னுட்டுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

தேர் ஒரே நாளில் வந்த வருஷமும் உண்டு, முக்குத் திரும்ப முடியாமல் இரண்டு மூன்று நாள் நின்ற வருஷமும் உண்டு. மத்தியானம் ஒரு மணிக்கு அந்த வருஷமும் முக்கில் நின்றுவிட்டது. தடி போட்டார்கள், கட்டை வைத்தார்கள், அசையவில்லை. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாலு வருஷம் அந்த முக்கில் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பிடிக்கும் வடத்தில் ஓர் இடம் பார்த்து நுழைந்து பிடித்துக்கொண்டேன்.

சின்ன வயதிலிருந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன், இழுத்ததில்லை. அன்றைக்கு இழுத்தேன். எனக்கு முன்னால் சீவலப்பேரியிலிருந்து நடவு வேலையை விட்டுவிட்டு வந்த ஓர் அக்கா. "சும்மா தொங்காத தாயி, எல்லாரும் இழுக்கும்போது இழு" என்றார். அவர் சொன்னபடி செய்தேன். அந்தக் கூட்டத்தில் என் கையின் இழுப்புக்கு என்ன கணக்கு? ஒன்றுமே இல்லை. அந்த அக்காவினுடையதும் ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்றாவது முயற்சியில் அந்த மலை அசைந்தது. சாமியை நினைத்தேன், பொய் சொல்லக் கூடாது, வளையத்தையும் நினைத்தேன். முக்கு திரும்பி நேர் வீதிக்கு வந்தபோது மேற்கேயிருந்து சாரல் தூறியது. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேர் நிலைக்கு வந்தது. அதற்குள் அண்ணன் கம்பத்தில் இருந்தான். நான் சென்டர் வாசலில் நின்றேன். சந்தில் முதல் விளக்கு எரிந்ததும் அண்ணாச்சி தாமே ஓடிப்போய் இயந்திரத்தைப் போட்டார்.

செவ்வாய் காலையில் அண்ணன் சந்தின் மேலே இருந்த வேப்பங்கிளைகளை எல்லாம் வெட்டித் தள்ளினான், ஆனிக் காற்றில் கம்பியில் உரசிவிடக் கூடாது என்று. புதனன்று இரண்டு முறை வந்து வாசலில் நின்றபடியே "ஓடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். வியாழன் சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். திரையில் எண் வந்து நின்றது. கொப்பளத்தால் பேனா பிடிக்க முடியாத கையால் தாளில் எழுதிக் கழித்தேன். ஒரு முறை தப்பாகக் கழித்து, மறுபடி கழித்தேன்.

மூன்றில் ஒரு பங்கு இரவல். இரண்டு பங்கு நின்றது.

"என்னட்டி, ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு பங்கு சொந்தம்."

"இரவல் போக அவ்வளவு மிச்சமா?" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம வீட்ட விடப் பரவால்ல" என்றான்.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தேன். பழைய எண்ணையும் போட்டேன், அதில் எவ்வளவு இரவல் என்பதையும் பக்கத்திலேயே போட்டேன், அடிக்குறிப்பில் அல்ல, அட்டவணையில். மார்கழியில் வாய்மொழித் தேர்வு. அது பொதுச்சபை, யாரும் வந்து உட்காரலாம். தேர்வாளராக வந்தவர் அதே சென்னைப் பேராசிரியர். அட்டவணையை நீண்ட நேரம் பார்த்தார். வேதியியலில் அவர் கேட்டதெல்லாம் சுலபமாக இருந்தது. கடைசியாக, "உங்க ஊர்ல மூணு நாள் கரண்ட் போகாம எப்படிம்மா ஓட்டினீங்க?" என்றார்.

"எங்கண்ணன் வயர்மேன் சார். கடைசி வரிசையில இருக்கான்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அந்த அறையில் நான் சொன்ன பதில்களிலேயே நான் மிகவும் பெருமைப்பட்ட பதில் அதுதான்.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் எழுந்து நின்றான். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, காலில் பளபளவென்று கறுப்பு ஷூ. பேராசிரியர் அவனிடம் நடந்துபோய்க் கையைக் குலுக்கினார். பட்டம் என்று அறிவித்தார்கள், அம்மா அழுதாள், எல்லோருக்கும் காபி வந்தது. அந்தச் சந்தடியில் அண்ணன் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"ஏட்டி, இந்த ஷூ எதிர்த்த வீட்டுக்காரருது. சபையில சொல்லிராத."

நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் கழிக்காமல் விட்ட ஒரே இரவல் அதுதான்.